ஓடாத கடையை ஒழுங்காக மூடுவது எப்படி

பெங்களூரில் நான் வேலை பார்க்கும் செருப்புக் கடை நிறுவனத்துக்கு ஒரு காலத்தில் பதினான்கு கிளைகள் இருந்தன. இப்போது ஒன்பது. குறைந்த ஐந்தையும் பூட்டி, சாவியைக் கட்டட ஓனர் கையில் கொடுத்தது நான்தான். எங்கள் முதலாளி ஆம்பூர்க்காரர். திறப்பு விழா என்றால் குடும்பத்தோடு வந்து நிற்பார். மூடுவதென்றால் "நீயே பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு ஊருக்கு பஸ் ஏறிவிடுவார். அப்படிப் பார்த்துக்கொண்டதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். துணிக்கடை, பாத்திரக் கடை, மொபைல் கடைக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். ஒரே ஒரு கடை வைத்திருந்து அதையும் மூடுபவருக்கு வேறு சில வேலைகள் உண்டு. அவற்றையும் வரும் இடத்தில் சொல்கிறேன்.

கடை நஷ்டத்தில் ஓடுவதால் போகும் பணம் கணக்குப் புத்தகத்தில் தெரியும். மூடலாமா வேண்டாமா என்று இழுத்த மாதங்கள், சரக்கு எடுத்த பிறகும் காலி இடத்துக்குக் கட்டிய வாடகை, திரும்பி வராத அட்வான்ஸ், இவற்றில் போகும் பணம் தனியாக எங்கும் தெரிவதில்லை. அதனால்தான் எதை முதலில் செய்வது, யாரிடம் முதலில் சொல்வது என்பதில் நான் கறாராக இருக்கிறேன்.

நஷ்டக் கடைதானா என்று பாருங்கள்

ஆடிட்டர் தரும் கிளைக் கணக்கை அப்படியே நம்பி முடிவெடுக்காதீர்கள். அதில் தலைமை அலுவலகச் செலவும் கோடவுன் செலவும் ஒவ்வொரு கிளை தலையிலும் பிரித்துப் போடப்பட்டிருக்கும். ஓர் உதாரணம். மாத விற்பனை 6 லட்சம், அதில் லாப விகிதம் 35 சதவீதம் என்றால் 2.10 லட்சம் கையில் நிற்கும். வாடகை 90,000, நான்கு பேர் சம்பளம் 80,000, கரண்ட் பில் 14,000, மற்ற சில்லறைச் செலவு 14,000. மொத்தம் 1.98 லட்சம். கடை தன் கால்களில் நின்று 12,000 சம்பாதிக்கிறது. இதன் மேல் பொதுச் செலவென்று விற்பனையில் 8 சதவீதம், அதாவது 48,000 ஏற்றினால் 36,000 நஷ்டம் என்று காகிதத்தில் சிவப்பாக வரும். கடையை மூடினால் அந்த 48,000 குறையுமா? கோடவுன் வாடகை குறையாது, அக்கவுண்டன்ட் சம்பளமும் குறையாது. மற்ற கிளைகள் அதைச் சுமக்க வேண்டும்; அடுத்த வருடம் இன்னொரு கிளை "நஷ்டம்" ஆகும். இப்படி வரிசையாக மூடிக்கொண்டே போனவர்களை சிக்பேட்டையில் எனக்குத் தெரியும்.

ஆகவே ஒரே கேள்வி: கடையை மூடினால் எந்தெந்தச் செலவு நிஜமாகவே நிற்கும்? அதை மட்டும் வரவோடு ஒப்பிடுங்கள். பன்னிரண்டு மாதக் கணக்கு வேண்டும். செருப்பு வியாபாரத்தில் பள்ளி திறக்கும் மே கடைசி, ஜூன் விற்பனையை வைத்தும் ஏமாறலாம். ஜூலை, ஆகஸ்ட் மழையை வைத்தும் ஏமாறலாம்.

அடுத்து, நஷ்டத்தின் காரணம் கடைக்குள்ளேயா, வாசலிலா என்று பாருங்கள். மேனேஜர் சரியில்லை, சைஸ் சரியாக வருவதில்லை என்றால் கடையை மூட வேண்டாம், அதைச் சரி செய்யுங்கள். வாசலில் பிரச்சினை என்றால் அது எப்போது தீரும் என்று யோசிக்க வேண்டும். பெங்களூரில் இதற்கு உதாரணத்துக்குப் பஞ்சமில்லை. ஈஜிபுரா மேம்பால வேலை 2017இல் தொடங்கியது. நடுவில் ஒப்பந்தக்காரரை நீக்கினார்கள், வேலை கிடந்தது, 2023இல் திரும்பத் தொடங்கியது. அந்தச் சாலையில் "இன்னும் ஆறு மாசம்தான், பாலம் முடிஞ்சிடும்" என்று வாடகை கட்டிக்கொண்டே இருந்தவர்கள் எத்தனையோ பேர். அரசு சொல்லும் முடிவுத் தேதியை என் கணக்கில் நான் சேர்ப்பதே இல்லை. வேலை முடிந்த பிறகும் பார்க்கிங் திரும்பி வருமா, ஆட்கள் அதே பக்கம் நடப்பார்களா என்பது வேறு கேள்வி. இந்திரா நகர் சிஎம்எச் ரோட்டில் 2011 அக்டோபரில் மெட்ரோ ஓடத் தொடங்கியபோது பழைய கடைகள் பலவற்றின் இடத்தில் வேறு பெயர்ப் பலகைகள்தான் இருந்தன.

லாக்-இன் பார்க்காமல் தேதி வைக்காதீர்கள்

வாடகை ஒப்பந்தத்தை எடுத்து மூன்று விஷயங்களில் பென்சிலால் கோடு போடுங்கள்: லாக்-இன் (காலி செய்தாலும் வாடகை கட்டியாக வேண்டிய காலம்) எதுவரை, நோட்டீஸ் எத்தனை மாதம், அட்வான்ஸில் எதை எதைக் கழிக்கலாம் என்று எழுதியிருக்கிறது.

இன்னொரு கடை. விற்பனை 4 லட்சம், கையில் நிற்பது 1.40 லட்சம். வாடகை 1.10 லட்சம், சம்பளம் 75,000, மற்றவை 20,000. மாதம் 65,000 நஷ்டம், இதில் சந்தேகமே இல்லை. ஆனால் லாக்-இன் இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. எட்டு மாதமும் ஓட்டினால் 5.20 லட்சம் நஷ்டம். இன்றே மூடினால் எட்டு மாத வாடகை 8.80 லட்சம் கட்ட வேண்டும். இரண்டு கிலோமீட்டரில் நம் வேறு கிளை இருந்து, ஐந்தில் ஒரு பங்கு வியாபாரம் அங்கே போகும் என்று வைத்தால் மாதம் 28,000 லாபம், எட்டு மாதத்துக்கு 2.24 லட்சம் திரும்ப வரும். அதைக் கழித்தாலும் 6.56 லட்சம். ஆக, மூடுவதைவிட ஓட்டுவதே மலிவு. இதே ஓனர் நான்கு மாத வாடகையோடு விட்டுவிடச் சம்மதித்தால் 4.40 லட்சத்தில் 2.24 கழித்து 2.16 லட்சம்தான், அப்போது நாளைக்கே மூடலாம். இந்த ஒரு பேச்சுவார்த்தையில்தான் மூன்று லட்சம் இருக்கிறது. நம் ஆட்கள் கடைசிச் சரக்கை 500 ரூபாய் அதிகமாக விற்கப் படும் பாட்டில் பாதியை இங்கே பட்டால் போதும்.

ஐந்தில் ஒரு பங்கு போகும் என்பது என் அனுமானம். உங்களுக்கு பில்லில் வாடிக்கையாளர் போன் நம்பர் இருந்தால், இரண்டு கிளையிலும் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று பார்த்துக்கொண்டால் இன்னும் நம்பகமாக வரும்.

மூடும் மாதம் பற்றி: தீபாவளிக்கு முன்னால் மூட வேண்டாம், அந்த விற்பனையை எடுத்துவிட்டு மூடுங்கள். அதை விட்டால் ஆடி மாதம் நல்லது. கன்னடக்காரர்களுக்கு ஆஷாடம், நமக்கு ஆடி, இரண்டும் கொஞ்சம் முன்பின்னாக வரும். தள்ளுபடிக்கு ஊரே பழகியிருக்கிறது. டிரேட் லைசென்ஸ் வருடா வருடம் புதுப்பிப்பது என்பதால், ஏப்ரலில் மூடப்போகும் கடையை மார்ச்சிலேயே முடிக்கப் பாருங்கள்.

யாரிடம் முதலில் சொல்வது

என் வரிசை இது: ஓனரிடம் ரகசியமாகப் பேச்சு, பிறகு கடை ஆட்கள், அடுத்து சப்ளையர்கள், கடைசியில் வாடிக்கையாளர். ஓனரிடம் பேசி எண்ணம் தெரிந்து, தேதி முடிவான அன்றே ஆட்களிடம் சொல்லிவிடுங்கள். தாமதித்தால் பக்கத்துக் கடை டீக்காரர் மூலமாக அவர்களுக்குத் தெரிந்துவிடும். சரக்கு வருவது குறைந்த உடனேயே சேல்ஸ் ஆட்களுக்குப் புரிந்துவிடும்; அவர்கள் முட்டாள்களில்லை. அதற்கப்புறம் நல்ல ஆட்கள் முதலில் போவார்கள், போகாதவர்களுக்கு வேலையில் மனசு இருக்காது, சரக்கு குறைவதும் அப்போதுதான் அதிகமாகும்.

மாரத்தஹள்ளிக் கடையை மூடியபோது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஷட்டர் தூக்கும் முன்னால் சொன்னேன். செவ்வாயில் விற்பனை மந்தம், பேச நேரம் இருக்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தாள் அச்சடித்துக் கொண்டுபோயிருந்தேன்: கடைசி நாள், நோட்டீஸ் சம்பளம், இழப்பீடு, விடுப்புக் காசு, போனஸ், கிராஜுவிட்டி (பணிக்கொடை), எந்தத் தேதியில் வங்கியில் விழும். அங்கே மூத்த சேல்ஸ்மேன் ஒரு அண்ணன் இருந்தார். நான் காரணம் சொல்ல ஆரம்பித்ததுமே கையமர்த்திவிட்டு, "அது கெடக்கும்மா, மூணு மாசமா நாங்களும் பாக்கறோம்ல. எனக்கு எவ்வளவு வரும், அத சொல்லு" என்றார். தாளை வாங்கி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்தார். பிறகு விரலை ஒரு இடத்தில் வைத்தார். "இதுல சேந்த தேதி பிஎஃப் போட்ட தேதி. நான் அதுக்கு மூணு மாசம் முன்னாடி, ஆயுத பூஜைக்கு முந்தின வாரமே சேந்துட்டேன். பூஜைக்குக் கடையைக் கழுவினதே நான்தான்."

அந்த மூன்று மாதம் சின்ன விஷயமில்லை. கிராஜுவிட்டியில் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பகுதி முழு ஆண்டாகக் கணக்காகும். அவருடைய சர்வீஸ் பிஎஃப் தேதிப்படி பதினோரு வருடம் ஐந்து மாதம். உண்மையான தேதிப்படி பதினோரு வருடம் எட்டு மாதம், அதாவது பன்னிரண்டு ஆண்டு. கணக்கு முறை: கடைசிச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, ஆண்டுகளால் பெருக்க வேண்டும். சம்பளம் 20,800 என்றால் ஆண்டுக்கு 12,000. பதினொன்றுக்கு 1,32,000, பன்னிரண்டுக்கு 1,44,000. பழைய வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம், அவர் சொன்னது சரி. ஆகவே தாள் அச்சடிக்கும் முன் சேர்ந்த தேதியைப் பழைய பதிவேட்டோடு ஒத்துப் பாருங்கள். சின்ன நிறுவனங்களில் பிஎஃப் தேதியும் சேர்ந்த தேதியும் ஒன்றாக இருப்பது அபூர்வம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கர்நாடகக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டம் 1961இன்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தக்க காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்குப் பதிலான சம்பளமோ இல்லாமல் அனுப்ப முடியாது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. கடை மூடி வேலை போனவருக்கும் சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். ஒரு வருடமாவது தொடர்ந்து இருந்த தொழிலாளிக்கு, ஆண்டுக்கு 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. கிராஜுவிட்டிக்கு நிரந்தர ஆளென்றால் ஐந்து வருடம், குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தத்தில் எடுத்த ஆளென்றால் ஒரு வருடம்; கொடுக்க 30 நாள் அவகாசம் உண்டு. நான் அதையும் சம்பளத்தோடு சேர்த்தே கொடுத்துவிடுவேன், இழுத்து என்ன ஆகப்போகிறது. மொத்த ஆட்கள் ஐம்பதை எட்டும் நிறுவனம் என்றால் அரசுக்கு 60 நாள் முன்னறிவிப்பு என்ற விஷயமும் வரும். வக்கீலுக்கு ஒரு மணி நேரக் கட்டணம் கொடுத்துக் கேட்டுவிடுங்கள்.

வேறு கிளைக்கு மாற்றுகிறோம் என்று சொல்வதில் ஒரு நேர்மை வேண்டும். வர்த்தூரில் குடியிருக்கும் பெண்ணுக்கு மல்லேஸ்வரத்தில் வேலை தருகிறேன் என்றால் அது வேலையைக் கொடுப்பதாகாது, விரட்டுவது. சக்தித் திட்டத்தில் 2023 ஜூனிலிருந்து பெண்களுக்கு பஸ் இலவசம்தான், ஆனால் போக வர நாலு மணி நேரம் இலவசமில்லை. அவர் வர முடியாது என்று தெரிந்தே கடிதம் கொடுத்து, மறுத்துவிட்டார் என்று எழுதி இழப்பீட்டை மிச்சம் பிடிக்கும் யோசனையை எங்கள் கன்சல்டன்ட் ஒருவர் சொன்னார். அந்த ஆளை அப்புறம் கூப்பிடவில்லை.

கடைசி நாள் வரை இருப்பவர்களுக்கு அரை மாதச் சம்பளம் கூடுதலாக என்று அன்றே அறிவித்துவிடுங்கள். ஆள் இல்லாமல் கடைசி வாரம் தவிப்பதைவிட இது மலிவு. பிஎஃப் தளத்தில் வெளியேறிய தேதியை மறக்காமல் போடுங்கள். அது இல்லாமல் அவர்கள் பணத்தை எடுப்பதும் மாற்றுவதும் சிக்கலாகிவிடும். வருடக் கணக்கில் உங்களுக்குப் போன் வந்துகொண்டே இருக்கும்.

சரக்கு

சப்ளையரிடம் சொல்லும் முன், திருப்பி எடுத்துக்கொள்ளும் நிபந்தனையில் வந்த சரக்கு எவ்வளவு என்று பட்டியல் எடுங்கள். தள்ளுபடி விற்பனை தொடங்கும் முன்னால் அதைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். பெட்டி கிழிந்து, ஸ்டிக்கர் ஒட்டிய பிறகு யாரும் வாங்க மாட்டார்கள். கடை மூடுகிறது என்று கேட்டதும் சப்ளையர்கள் பணத்துக்கு ஓடி வருவார்கள், அது இயல்பு. ஒரு கிளைதான் மூடுகிறது, மற்றவை நடக்கின்றன, உங்கள் பாக்கி இந்தத் தேதியில் என்று எழுத்தில் கொடுத்தால் அடங்கிவிடுவார்கள். 1997இல் சென்னையில் தொடங்கி 1,600 கடை அளவுக்கு விரிந்த சுபிக்ஷா என்ற மளிகைக் கடை நிறுவனம், 2009இல் கையில் பணம் ஓடாமல் மொத்தமாக நின்றது. அதை நேரில் பார்த்த தலைமுறை வியாபாரிகளுக்கு ஷட்டர் சத்தம் கேட்டாலே பதற்றம்தான்.

ஸ்டாக் எடுப்பதை கம்ப்யூட்டர் பட்டியலோடு முடிக்காதீர்கள். செருப்புக் கடையில் பெட்டியை எண்ணுவது எண்ணிக்கையே இல்லை. டிஸ்பிளேவில் ஒரு கால் வெளியே இருக்கும், இன்னொரு கால் பெட்டிக்குள். அவசரத்தில் போட்டுப் பார்த்தவர்கள் எட்டாம் நம்பர் இடதையும் ஒன்பதாம் நம்பர் வலதையும் சேர்த்து ஒரே பெட்டியில் வைத்திருப்பார்கள். வெளியே ஸ்டிக்கர் எட்டு என்று சொல்லும். ஆகவே இரவு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, எல்லாப் பெட்டியையும் திறந்து, ஆர்ட்டிக்கிள் வாரியாகத் தரையில் ஜோடி பரப்ப வேண்டும். இரண்டு பேர் பரப்ப, ஒருவர் உள்ளங்காலில் இருக்கும் நம்பரைச் சத்தமாகப் படிக்க, ஒருவர் எழுத. கடைசியில் ஒற்றைக் கால்கள் ஒரு குவியல் மிஞ்சும். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்த மாடல் வேறு கிளைக்குப் போயிருந்தால் அங்கே அதன் ஜோடி தனியாகக் காத்திருக்கும். எங்கள் ஜெயநகர்க் கிளையில் இப்படி ஒரு முழு அட்டைப்பெட்டி நிறைய சேர்ந்தது.

இன்னொரு சோதனை: பியு சோல் போட்ட பழைய சரக்கு. பாலியூரித்தேன் காற்றில் உள்ள ஈரத்தோடு சேர்ந்து சில வருடங்களில் தானாகவே சிதையும், யாரும் போடாவிட்டாலும். சோலை இரண்டு கையாலும் பிடித்து வளைத்துப் பாருங்கள். விரிசல் விட்டாலோ, கட்டைவிரல் அழுத்தியதும் பிசுபிசுத்து உதிர்ந்தாலோ அது விற்கும் சரக்கில்லை. அதை "இன்னொரு கிளைக்கு அனுப்பு" என்று தள்ளிவிட்டால் வாங்கியவர் இரண்டாம் நாள் சோல் இல்லாமல் வந்து நிற்பார். அழித்துவிட்டு எழுதி வையுங்கள். அந்தச் சரக்கை வாங்கும்போது கொடுத்து, பிறகு கழித்துக்கொண்ட ஜிஎஸ்டியையும் (உள்ளீட்டு வரி) திருப்பிக் கட்ட வேண்டும்.

மீதியை மூன்றாகப் பிரிக்கலாம். ஆறு முதல் பத்து வரை சைஸ் முழுதாக இருக்கும் மாடல்கள் மற்ற கிளைக்கு. கட் சைஸ், அதாவது ஐந்தும் பதினொன்றும் மட்டும் மிஞ்சிய மாடல்கள், தள்ளுபடிக்கு. சீசன் சரக்கு, குறிப்பாக ஸ்கூல் ஷூ, கோடவுனுக்கு. கோடவுனுக்குப் போகும் முன் இன்சூரன்ஸ் பாலிசியைப் பாருங்கள். தீ விபத்து பாலிசியில் விலாசம் எழுதியிருக்கும். மூடிய கடையின் சரக்கு புது விலாசத்தில் எரிந்தால் யாரும் தர மாட்டார்கள். வங்கியில் சரக்கின் மேல் கடன் இருந்தால் அவர்களுக்கும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சரக்கு குறையக் குறைய நீங்கள் கடன் எடுக்கும் வரம்பும் குறையும். அந்த மாதம்தான் உங்களுக்கு ஆட்களின் கணக்கை முடிக்கப் பணம் வேண்டியிருக்கும்.

ஜிஎஸ்டி விஷயம். கர்நாடகாவுக்குள் ஒரே பதிவு எண்ணில் இருக்கும் கிளைக்கு அனுப்பினால் வரி இல்லை, டெலிவரி சலான் போதும். மதிப்பு 50,000 தாண்டினால் இ-வே பில் வேண்டும். ஆனால் ஓசூர் கிளைக்கு அனுப்பினால் கதை வேறு. அத்திப்பள்ளி தாண்டினால் தமிழ்நாடு, அங்கே பதிவு எண் வேறு, ஆகவே வரி பில்லே போட்டு, மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான ஐஜிஎஸ்டி கட்ட வேண்டும். முதலாளி ஒருவர்தான், வண்டியும் நம்முடையதுதான் என்பதெல்லாம் செக்கிங்கில் எடுபடாது.

தள்ளுபடி விற்பனை

பிரிகேட் ரோட்டில் வருடம் முழுக்க "கடை மூடல்" ஒட்டியிருக்கும் கடைகளைப் பார்த்துப் பார்த்து ஜனங்களுக்கு அலுத்துவிட்டது. அதனால் தேதியைப் போடுங்கள். கடைசி நாள் இது, இந்த நாளுக்கு அப்புறம் இங்கே கடை இல்லை, அருகிலுள்ள எங்கள் கடை இது. கன்னடம் மேலேயும் பெரிதாகவும் இருக்கட்டும். பெயர்ப் பலகையில் 60 சதவீதம் கன்னடம் என்பது சட்டம், நோட்டீஸிலும் அதே மரியாதையைக் காட்டினால் வம்பில்லை. வெளியே ஃபிளெக்ஸ் கட்டாதீர்கள், அபராதம் வரும். கண்ணாடிக்கு உள்பக்கம் ஒட்டினால் போதும்.

நான் மூன்று வாரத்துக்கு மேல் ஓட்டுவதில்லை. முதல் வாரம் 20 சதவீதம், இரண்டாவது வாரம் 40, கடைசி வாரம் ஒரே விலை மேசை. முதல் நாளே பாதி விலை போட்டால் நல்ல சரக்கு இரண்டே நாளில் போய்விடும், அப்புறம் பதினொன்றாம் நம்பர் சாண்டலோடு உட்கார்ந்திருக்க வேண்டும். மற்ற கிளைகளின் அழுக்குச் சரக்கையெல்லாம் இங்கே கொண்டுவந்து கொட்டும் ஆசை முதலாளிகளுக்கு வரும். கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் அளவு மீறினால் காலி செய்ய வேண்டிய தேதியில் கடை நிறைந்திருக்கும்.

மாற்றித் தருவது, கிஃப்ட் வவுச்சர், ஒட்டித் தரக் கொடுத்த செருப்பு, இந்த மூன்றையும் பக்கத்துக் கிளை ஏற்கும் என்று பில்லிலேயே அச்சிடுங்கள். சிசிடிவி கடைசி நாள் வரை ஓடட்டும். பணம் தினமும் வங்கிக்குப் போகட்டும்.

ஓனரும் அட்வான்ஸும்

பெங்களூரில் பத்து மாத வாடகை அட்வான்ஸ் என்பது சாதாரணம். 1.10 லட்சம் வாடகை என்றால் 11 லட்சம் அவரிடம் கிடக்கிறது. அவர் அதை எப்போதோ செலவழித்திருப்பார். அடுத்து வருபவர் கொடுக்கும் அட்வான்ஸில்தான் உங்களுக்குத் தருவார் என்பதே நடைமுறை. ஆகவே அடுத்த ஆளைத் தேடுவதில் நீங்களும் இறங்குங்கள். நாம் விட்ட இடம் மருந்துக் கடைக்கோ சலூனுக்கோ பொருந்தலாம். புரோக்கர் கமிஷனில் பாதியை நானே கொடுத்த ஒரு கடையில்தான் அட்வான்ஸ் சீக்கிரம் வந்தது.

நோட்டீஸ் மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். சம்மதம் இல்லாமல் வாடகையை நிறுத்தினால் ஒப்பந்தத்தை மீறியது நீங்கள் என்றாகிவிடும்.

கழிவு என்று வரும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை என்பதை ஊர் வழக்கமாகவே கேட்பார்கள். ஒப்பந்தத்தில் இருந்தால் கொடுத்துவிடுங்கள், வாதாட வேண்டாம். வாதாட வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு ஓனர் எங்களிடம் தரை டைல்ஸ், ஷட்டர் ஸ்பிரிங், பாத்ரூம் குழாய் என்று பட்டியல் போட்டு இரண்டு லட்சம் கேட்டார். கடை எடுத்த நாளில் எடுத்த வீடியோவை அவர் மகனின் போனில் போட்டுக் காட்டினேன். அதே டைல்ஸ், அதே விரிசல். பட்டியலில் ஷட்டர் ஸ்பிரிங் மட்டும் மிஞ்சியது. மூடப்போகும் கடையின் திறப்பு வீடியோ உங்களிடம் இல்லாவிட்டால், இப்போது இருக்கும் மற்ற கிளைகளுக்காவது இன்றே எடுத்து வையுங்கள்.

ஏசிக்காக மின்சார லோடு கூட்டியிருந்தால் மின்சார நிறுவனமான பெஸ்காமுக்கு நீங்கள் கட்டிய கூடுதல் டெபாசிட் ஓனர் பெயரில் உள்ள ஆர்ஆர் நம்பரில் (மின் இணைப்பு எண்) நிற்கும். மீட்டர் அவரோடு போகிறது, டெபாசிட்டும் அவரோடு போய்விடும். ரசீதை எடுத்துக் காட்டி அட்வான்ஸ் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

சாவி கொடுக்கும் நாளில் ஒரு பக்கக் கடிதம்: தேதி, நேரம், சாவி எத்தனை, மீட்டர் ரீடிங், திருப்பித் தர வேண்டிய தொகை, தரும் தேதி. இரண்டு பேரும் கையெழுத்து. அவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் சாவியைக் கொடுக்காதீர்கள். பெயர்ப் பலகையை அன்றே கழற்றுங்கள். ரேக், கண்ணாடி, உட்கார்ந்து போட்டுப் பார்க்கும் பெஞ்ச் எல்லாம் வேறு கிளைக்குப் பயன்பட்டால் எடுங்கள், இல்லையென்றால் பழைய சாமான் வாங்குபவருக்குக் கொடுங்கள். அதற்கும் பில் போட வேண்டும்.

மூடிய பிறகு வரும் காகித வேலை

ஜிஎஸ்டியில் அந்தக் கிளை "கூடுதல் வணிக இடம்" என்று இருக்கும். பதினைந்து நாளுக்குள் ஆர்இஜி-14 படிவத்தில் அதை நீக்குங்கள். மாநிலத்தில் உங்கள் ஒரே கடை அதுதான் என்றால் பதிவையே ரத்து செய்ய வேண்டும்: 30 நாளுக்குள் ஆர்இஜி-16, மிஞ்சிய சரக்குக்கு வரியைத் திருப்பிக் கட்டுவது, ரத்தான பிறகு மூன்று மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 கடைசிக் கணக்கு. இந்தக் கடைசிக் கணக்கைப் பலரும் மறப்பார்கள், அபராதம் மட்டும் வளரும்.

டிரேட் லைசென்ஸை ஒப்படைப்பது. பெங்களூர் மாநகராட்சியாக இருந்த பிபிஎம்பி போய் 2025 செப்டம்பரிலிருந்து ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டன. பழைய வார்டு அலுவலகத்துக்குப் போய் நிற்காமல் உங்கள் கடை இப்போது எந்த மாநகராட்சியில் வருகிறது என்று பார்த்துக்கொண்டு போங்கள். தொழிலாளர் துறைக்கு மூடிய தகவலை எழுத்தில் கொடுக்க வேண்டும், அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள். இன்டர்நெட், கார்டு மெஷின், பணம் வந்ததும் சத்தம் போடும் க்யூஆர் பெட்டி, இவற்றுக்கெல்லாம் மாத வாடகை தானாகக் கழிந்துகொண்டே இருக்கும்; திருப்பிக் கொடுத்த ரசீது வாங்குங்கள். கூகுள் மேப்பில் "நிரந்தரமாக மூடப்பட்டது" என்று போட்டு, பக்கத்துக் கிளையின் விலாசத்தைச் சேருங்கள். கடை மொபைல் நம்பரைப் பக்கத்துக் கிளைக்குக் கொடுத்து ஆறு மாதமாவது உயிரோடு வையுங்கள். பாதி அழைப்பு "உங்க கடை எங்க போச்சு?" என்றுதான் வரும், அந்தப் பாதியில் கொஞ்சம் பேர் வந்து வாங்குவார்கள்.

மூன்று மாதம் கழித்து பக்கத்துக் கிளையின் விற்பனையை முந்தைய வருடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நான் ஐந்தில் ஒரு பங்கு என்று போட்டது சில இடத்தில் மூன்றில் ஒன்றாகவும், மாரத்தஹள்ளியில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லாமலும் வந்தது. நடுவில் அவுட்டர் ரிங் ரோடு இருக்கிறது, அதைத் தாண்டிச் செருப்பு வாங்க யார் வருவார்கள். அந்த எண்ணை எழுதி வைத்துக்கொண்டால் அடுத்த கடைக்கான கணக்கில் அனுமானத்துக்குப் பதில் அதைப் போடலாம்.

மூடிய கடையின் பில், சலான், வருகைப் பதிவேடு, ஓனர் கடிதம் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு, கடையின் பெயரும் மூடிய தேதியும் எழுதி வையுங்கள். ஜிஎஸ்டிக்கு அந்த ஆண்டின் வருடாந்தரக் கணக்குக் கெடுவிலிருந்து 72 மாதம் ஆவணங்களை வைத்திருக்க வேண்டும். கரையான் வராத இடமாகப் பாருங்கள்.